டிகிரி முடிச்சாச்சு, சினிமா படிக்கணும்: பூனாவா, ஜெர்மனியா, அமெரிக்காவா, இல்ல நேரா சாலிகிராமமா?

சினிமாவ மாஸ்டர்ஸ் லெவல்ல படிக்கணும்னு வர்ற பசங்க எல்லாரும் "எந்த காலேஜ் பெஸ்ட்"னுதான் கேக்கறாங்க. நான் திருப்பி கேக்கறது ஒண்ணே ஒண்ணு, படிச்சு முடிச்சு வெளிய வந்தப்புறம் ரெண்டு வருஷத்துக்கு வாடகை யாரு குடுப்பா? கேலியா கேக்கல. ஐடி மாதிரி இதுல கேம்பஸ் இன்டர்வியூ கெடையாது, வெளிய வந்த உடனே கெடைக்கற முதல் படம் பாதில நிக்கும், அடுத்த படத்துக்கு பேமென்ட் வராது, அதுக்கும் அடுத்ததுலதான் டைட்டில் கார்டுல பேரு வரும், அந்த இடைவெளிய தாக்கு புடிக்கறவன்தான் ஃபீல்டுல நிக்கறான், முடியாதவன் எவ்ளோ திறமைசாலியா இருந்தாலும் கல்யாண வீடியோ எடிட் பண்ண போயிடறான் (தப்பான வேலைன்னு சொல்லல, நானும் எடிட்டர்தான், எனக்கும் சோறு போட்ட வேலை அது). அதனால கீழ சொல்ற ஒவ்வொரு ஆப்ஷனையும் ரெண்டே கணக்குலதான் பாக்கறேன். வெளிய வர்றப்போ தலைல எவ்ளோ கடன், கூட சேந்து வேல செய்ய எத்தன பேரு.

அதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன வேணும்னு கொஞ்சம் தெளிவாயிக்கோங்க. கதைப்படம் எடுக்கற தொழில கத்துக்கணுமா, அதாவது டைரக்‌ஷன், கேமரா, எடிட்டிங், சவுண்டு? இல்ல டாக்குமெண்டரி, எக்ஸ்பெரிமென்டல், கேலரி சுவத்துல ப்ரொஜெக்டர் போட்டு காட்டற இன்ஸ்டலேஷன், சவுண்ட் ஆர்ட்னு மீடியா ஆர்ட் பக்கமா? இல்ல சினிமாவ பத்தி எழுதி, ஆராய்ச்சி பண்ணி, க்ளாஸ் எடுக்கணுமா? மூணுக்கும் ஒரே ரோடு கெடையாது. முக்காவாசி பேரு முதலாவது ஆசைய வெச்சுக்கிட்டு மூணாவது கோர்ஸ்ல போய் சேந்துட்டு, ரெண்டு வருஷமும் கேமராவயே கண்ணுல காட்டலன்னு பொலம்பறாங்க.

முதல்ல பூனா இன்ஸ்டிட்யூட். எஃப்டிஐஐ, அதாவது ஃபிலிம் அண்ட் டெலிவிஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியா, 1960-ல பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த எடத்துலயே ஆரம்பிச்சது. எந்த டிகிரி முடிச்சிருந்தாலும் எழுதலாம், டைரக்‌ஷன், சினிமட்டோகிராஃபி, எடிட்டிங், சவுண்டு, ஆர்ட் டைரக்‌ஷன் எல்லாம் மூணு வருஷம், டிவி பிரிவுல ஒரு வருஷ கோர்ஸும் இருக்கு. ஒரு பிரிவுக்கு சீட்டு ஏறக்குறைய பத்து பன்னெண்டுதான், அதுவும் இந்தியா முழுக்க. சென்ட்ரல் கவர்ன்மென்ட் இன்ஸ்டிட்யூட்ங்கறதால எஸ்சி, எஸ்டி, ஓபிசி இடஒதுக்கீடு உண்டு, இத தெரியாமலே அப்ளை பண்ணாம விட்டவங்க நெறைய பேரு. ஃபீஸ் வருஷா வருஷம் ஏறுதுன்னு ஸ்டூடண்ட்ஸ் சண்ட போட்டுட்டேதான் இருக்காங்க, சண்ட நியாயம்தான், ஆனாலும் மூணு வருஷ ஃபீஸையும் கூட்டினா அமெரிக்காவுல ஒரு நல்ல பிரைவேட் யுனிவர்சிட்டில ஒரு செமஸ்டருக்கு கட்டறதுகூட வராது.

காச விடுங்க, அங்க நெஜமா கெடைக்கறது என்னன்னு சொல்றேன். முதல் வருஷத்துல வசனமே இல்லாம ஒரு எக்ஸர்சைஸ் பண்ண சொல்லுவாங்க. சும்மா ஒரு ஆளு ரூமுக்குள்ள வர்றான், எதையோ தேடறான், எடுத்துட்டு போறான், அவ்ளோதான்னு வெச்சுக்கோங்க. டைரக்‌ஷன் படிக்கற ஒருத்தர், கேமரா ஒருத்தர், எடிட்டிங் ஒருத்தர், சவுண்டு ஒருத்தர், நாலு பேரும் சேந்து ஒரு யூனிட். ஷூட் முடிஞ்சு எடிட்டிங் டேபிளுக்கு வந்தா வைடு ஷாட்ல சாவி வலது கைல இருக்கு, க்ளோஸ்ல இடது கைக்கு போயிடுச்சு, டைரக்டர் "யாரு பாக்க போறா"ங்கறான், எடிட்டர் "மச்சி இது ஒட்டாது"ங்கறான், கேமராக்காரன் "நீதான சீக்கிரம் சீக்கிரம்னு கத்தின"ன்னு குதிக்கறான், கடைசில சவுண்டு படிக்கற பொண்ணு அந்த சாவி சத்தத்த ரெண்டு ஃப்ரேம் முன்னாடி தள்ளி போட்டு பாக்கறா, கண்ணு ஏமாந்து கட் ஒட்டிக்குது. இத எந்த யூட்யூப் டுடோரியலும் சொல்லித்தராது, ஏன்னா இதுல கத்துக்கறது கட்டிங் மட்டும் இல்ல, அடுத்த இருவது வருஷம் யாரு கூட வேல செய்யலாம், யாரு கூட கூடவே கூடாதுங்கறதும்தான். இதுக்கு நம்ம ஊர்லயே சாட்சி இருக்கு, 1986-ல ஊமை விழிகள் வந்தப்போ அத எடுத்தது நம்ம சென்னை ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் பசங்க ஒரு செட்டா சேந்துதான்.

பூனால இன்னொரு பெரிய விஷயம் நேஷனல் ஃபிலிம் ஆர்க்கைவ், 1964-ல ஆரம்பிச்சது, இன்ஸ்டிட்யூட்டுக்கு ரொம்ப பக்கம். லேப்டாப்ல பாத்த படத்த பெரிய திரைல பாக்கறப்போ உங்க எடிட்டிங் ரிதமே மாறும், நான் அடிச்சு சொல்றேன். அப்புறம் வெளி உலக கணக்கு. 2024 கான்ஸ் ஃபிலிம் ஃபெஸ்டிவல்ல ரெண்டாவது பெரிய பரிசான க்ராண்ட் ப்ரீ வாங்கின பாயல் கபாடியா பூனால படிச்சவங்க. அதே வருஷம் அங்க ஃபிலிம் ஸ்கூல் படங்களுக்கான லா சினெஃப் பிரிவுல முதல் பரிசு வாங்கின சிதானந்த நாயக் எம்பிபிஎஸ் முடிச்ச டாக்டர், அவர் படிச்சது டிவி பிரிவு ஒரு வருஷ கோர்ஸ். இத ஏன் சொல்றேன்னா மூணு வருஷ டைரக்‌ஷன் சீட்டு கெடைக்கலன்னா ஒண்ணும் இல்லன்னு உக்காந்துடாதீங்க, ஒரு வருஷ கோர்ஸுக்கும் அதே காம்பஸ், அதே திரைதான்.

குறையும் சொல்லணும்ல. மூணு வருஷம்ங்கறது பேப்பர்லதான், ப்ராஜெக்ட் தள்ளி போய் வருஷம் கூடின பேட்ச்செல்லாம் உண்டு. 2015-ல சேர்மன் நியமனத்த எதுத்து 139 நாள் ஸ்ட்ரைக் நடந்துச்சு, அரசாங்க இன்ஸ்டிட்யூட்னா அரசியலும் கூடவே வரும். டிப்ளமோ ஃபிலிமுக்கு ப்ரொட்யூசர் இன்ஸ்டிட்யூட்தான், படம் உங்க சொத்து இல்ல. என்ட்ரன்ஸ் கொஸ்டின் பேப்பர்ல தமிழ் கெடையாது, இங்கிலீஷ் இந்திதான், அது போதாதுன்னு காம்பஸ்ல கேன்டீன்ல இருந்து லைட்மேன் வரைக்கும் இந்தி மராத்திதான் ஓடும், தமிழ்ல வசனம் எழுதி வெச்சிருந்தா நடிக்க ஆள் தேடி அலையணும். அதனாலயோ என்னவோ பூனால படிச்சு தமிழ் சினிமாவுல பெருசா நின்னவங்கள பாத்தீங்கன்னா பாலு மகேந்திரா, மது அம்பாட், சந்தோஷ் சிவன்னு கேமரா பிரிவுக்காரங்கதான் டக்குனு ஞாபகம் வர்றாங்க. லைட்டுக்கு மொழி இல்ல. டைரக்‌ஷன்தான் வேணும், தமிழ்லதான் படம் பண்ணுவேன், முதல் படமே பெரிய ஹீரோன்னு இருக்கறவங்களுக்கு பூனா நேர் வழி கெடையாது.

கல்கத்தா எஸ்ஆர்எஃப்டிஐ, அதாவது சத்யஜித் ரே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட், 1995-ல ஆரம்பிச்சது. நம்ம ஆளுங்க இத ஏதோ ரெண்டாவது சாய்ஸ் மாதிரியே பேசறாங்க, எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. அனிமேஷனுக்கும் ப்ரொட்யூசிங்குக்கும் தனி டிபார்ட்மென்ட் வெச்சிருக்காங்க, அதுலயும் ப்ரொட்யூசிங் படிச்சவங்களுக்கு இன்னிக்கு ஓடிடி கம்பெனிகள்ல இருக்கற மதிப்பு டைரக்‌ஷன் படிச்சவங்களுக்கு இல்ல. டிஜிட்டல் மீடியா பக்கம் ரெண்டு வருஷ கோர்ஸுகளும் உண்டு. ரெண்டு இன்ஸ்டிட்யூட்டுக்கும் ரொம்ப நாளா இருந்த பிரச்சன டிகிரி இல்ல, வெறும் பிஜி டிப்ளமோங்கறது, 2025-ல ரெண்டுக்கும் டீம்ட் யுனிவர்சிட்டி அந்தஸ்து, அதாவது டிகிரி குடுக்கற உரிமை, குடுத்துட்டாங்க. "டிப்ளமோக்கா மூணு வருஷம்"னு கேக்கற அப்பாக்களுக்கு இனிமே பதில் இருக்கு.

தரமணி எம்ஜிஆர் இன்ஸ்டிட்யூட்ட பத்தி கேப்பீங்க. பி.சி.ஸ்ரீராம், ராஜீவ் மேனன்லாம் படிச்சு வந்த பாரம்பரியம், ஃபீஸும் ரொம்ப ரொம்ப கம்மி, ஆனா அது ப்ளஸ் டூ முடிச்சவங்களுக்கான நாலு வருஷ டிகிரி. ஏற்கனவே டிகிரி முடிச்சிட்டு மறுபடி நாலு வருஷம் யூஜி படிக்கறது உங்க வயசையும் வீட்டையும் பொறுத்தது. உங்க தம்பி தங்கச்சிக்கு சொல்லி வைங்க.

டாக்குமெண்டரி ஆசை இருக்கறவங்க டெல்லி ஜாமியா மில்லியா யுனிவர்சிட்டில இருக்கற எம்சிஆர்சிங்கற மாஸ் கம்யூனிகேஷன் சென்டர கண்டிப்பா பாக்கணும். 1982-ல கனடாவோட யார்க் யுனிவர்சிட்டி உதவியோட ஆரம்பிச்சது, ரெண்டு வருஷ எம்ஏ மாஸ் கம்யூனிகேஷன், பேரப் பாத்து ஜர்னலிசம்னு நெனச்சிடாதீங்க, கேமரா எடுத்துட்டு தெருவுல இறங்கற கோர்ஸ். யுனிவர்சிட்டி எம்ஏங்கறதால நெட்ங்கற தகுதித் தேர்வு எழுதி லெக்சரராவும் போகலாம். அகமதாபாத் என்ஐடிங்கற டிசைன் இன்ஸ்டிட்யூட்ல ஃபிலிம் அண்ட் வீடியோ கம்யூனிகேஷன்னு எம்டெஸ் (மாஸ்டர் ஆஃப் டிசைன்) இருக்கு, டிசைன் ஆளுங்களோட சேந்து படிக்கறதால யோசிக்கற விதமே வேற மாதிரி ஆயிடும், விளம்பரப்பட கம்பெனிகள்ல நல்ல மரியாத. ஆனா செமஸ்டருக்கே லட்சத்துல ஃபீஸ், என் ரெண்டு கணக்குல முதல் கணக்கு அங்க கொஞ்சம் இடிக்குது.

எழுதறவங்களுக்கு, ஆராய்ச்சிக்காரங்களுக்கு கல்கத்தா ஜாதவ்பூர் யுனிவர்சிட்டி. 1993-ல ஃபிலிம் ஸ்டடீஸ்க்குன்னே தனி டிபார்ட்மென்ட் ஆரம்பிச்சவங்க, ஃபீஸ் கேட்டா சிரிப்பு வரும். ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகைய க்ளியர் பண்ணிட்டா மாசம் 37,000 வெச்சு பிஎச்டி ஓட்டிரலாம். படம் எடுக்க சொல்லித்தருவாங்களான்னு கேக்காதீங்க.

சென்னைல இருக்கற ஆறு மாச, ஒரு வருஷ பிரைவேட் அகாடமிகள பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. ப்ரோஷர்ல பெரிய டைரக்டர் ஃபோட்டோ இருக்கும், அவர் வாரம் எத்தன க்ளாஸ் எடுக்கறாருன்னு கேளுங்க, போன பேட்ச் பசங்க நாலு பேரு நம்பர் வாங்கி பேசுங்க, எக்விப்மென்ட் அவங்களோடதா வாடகையான்னு பாருங்க. கேமரா, டிஐ (கலர் கரெக்சன்), சவுண்டு மாதிரி ஏதோ ஒரு ஸ்கில்லுக்காக போறது ஓகே, மொத்தமா "ஃபிலிம் மேக்கிங்"னு போறது வேண்டாம்.

இப்ப வெளிநாடு. அமெரிக்காவுல இது எம்எஃப்ஏ (மாஸ்டர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்), ரெண்டுலேர்ந்து மூணு வருஷம், அங்க இந்த ஃபீல்டுக்கு இதுதான் கடைசி டிகிரி, பிஎச்டி இல்லாமயே யுனிவர்சிட்டில பாடம் எடுக்கலாம். என்ஒய்யு (நியூயார்க் யுனிவர்சிட்டி), யூஎஸ்சி (சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி) மாதிரி பெரிய பேரு எல்லாம் ட்யூஷன் மட்டுமே வருஷத்துக்கு ஏறக்குறைய 60,000 டாலரோ அதுக்கு மேலயோ போகும், அதுக்கு மேல தீசிஸ் படத்துக்கு உங்க கைக்காசு. ஃபிலடெல்பியால டெம்பிள் யுனிவர்சிட்டி, பாஸ்டன்ல எமர்சன் காலேஜ் ரெண்டுலயும் டிகிரி பேரே ஃபிலிம் அண்ட் மீடியா ஆர்ட் வகையறாதான், கதைப்படம், டாக்குமெண்டரி, எக்ஸ்பெரிமென்டல் மூணையும் கலந்து பண்ணலாம், அது ரொம்ப நல்ல விஷயம், பூனால அந்த சுதந்திரம் அவ்வளவா இல்ல.

ஆனா அட்மிட் வந்ததும் ஸ்வீட் குடுக்கறதுக்கு முன்னாடி லெட்டர நிதானமா படிங்க. "உங்களுக்கு மெரிட் ஸ்காலர்ஷிப் 15,000 டாலர்"னு போட்டிருந்தா அது தள்ளுபடி, அவ்ளோதான், ஆடி தள்ளுபடி மாதிரி, மீதிய நீங்கதான் கட்டணும். நீங்க தேட வேண்டிய வார்த்தைங்க வேற: டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப், முழு ட்யூஷன் ரெமிஷன் (ஃபீஸ் மொத்தமும் தள்ளுபடி), ஸ்டைபண்ட் (செலவுக்கு பணம்), ஹெல்த் இன்சூரன்ஸ், அது எத்தன வருஷத்துக்கு உறுதி. முதல் வருஷம் மட்டும் குடுத்துட்டு "அடுத்தடுத்த வருஷம் பாக்கலாம்"னு இருந்தா மெயில் போட்டு கேளுங்க, வெக்கப்படாதீங்க, அவங்களுக்கு அது தெனசரி வர்ற மெயில். இந்த மாதிரி முழு ஃபண்டிங் பெரிய பேரு ஸ்கூல்கள விட ஊர் பேரு தெரியாத ஸ்டேட் யுனிவர்சிட்டிகள்லதான் கெடைக்க வாய்ப்பு ஜாஸ்தி, ஏன்னா அங்க யூஜி பசங்களுக்கு கேமரா க்ளாஸ் எடுக்க ஆள் வேணும்.

ஃபண்டிங் இல்லாம லோன் போட்டு போறேன்னா ஒரு கணக்கு போட்டு காட்டறேன். 40 லட்சம், 10.5 சதவீதம் வட்டி, பத்து வருஷம்னு வெச்சுக்கிட்டா இஎம்ஐ மாசம் ஏறக்குறைய 54,000 (படிக்கற காலத்து வட்டிய இன்னும் சேக்கவே இல்ல). படிப்பு முடிஞ்சா ஓபிடில, அதாவது ஸ்டூடண்ட் விசாலயே குடுக்கற வேல அனுமதில, அங்க வேல செய்ய 12 மாசம் டைம், அதுக்குள்ள விசா ஸ்பான்சர் பண்ற சினிமா கம்பெனிய கண்டுபுடிக்கணும், சினிமால எவன் ஃப்ரீலான்ஸருக்கு ஸ்பான்சர் பண்ணுவான்? திரும்பி வந்து கோடம்பாக்கத்துல அசோசியேட் எடிட்டரா உக்காந்து 54,000 இஎம்ஐ கட்டறது நடக்காத காரியம். வீட்டு பத்திரத்த பேங்க்ல வெச்சுட்டு பையன கலைஞனாக்க அனுப்பறது எனக்கு சரியா படல, வசதி இருந்தா அது வேற கதை.

யூரோப்தான் நம்ம ஆளுங்க சரியா பாக்காம விடற எடம். கொலோன்ல கேஎச்எம்னு மீடியா ஆர்ட்ஸ்க்கான அகாடமி, 1990-ல தொடங்கினது, ட்யூஷன் ஃபீஸே கெடையாது, செமஸ்டர் கட்டணம் மட்டும்தான், டிகிரி முடிச்சவங்களுக்கு நாலு செமஸ்டர் கோர்ஸ், அதுலயே படமும் பண்ணலாம் இன்ஸ்டலேஷனும் பண்ணலாம். வைமார்ல பௌஹவுஸ் யுனிவர்சிட்டி மீடியா ஆர்ட்டுக்கு இன்னொண்ணு. ஸ்டுட்கார்ட் பக்கத்துல லுட்விக்ஸ்பர்க் ஃபிலிம் அகாடமிக்கு ஆசப்பட்டா அந்த மாநிலத்துல 2017-லேர்ந்து யூரோப்புக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ ஃபீஸ் உண்டு, அத நோட் பண்ணிக்கோங்க. ட்யூஷன் ஃப்ரீன்னதும் மொத்தமும் ஃப்ரீன்னு நெனைக்கக் கூடாது, விசாவுக்கு ப்ளாக்ட் அக்கவுண்ட்ல (மாசா மாசம் கொஞ்சம்தான் எடுக்க முடியற பேங்க் கணக்கு) 11,904 யூரோ காட்டணும், அது ஒரு வருஷ சாப்பாடு, வாடகைக்கு. வருஷத்துக்கு 140 முழு நாள் வேல செய்யலாம், முடிச்சப்புறம் 18 மாசம் தங்கி வேல தேடலாம். டிஏஏடிங்கற ஜெர்மன் ஸ்காலர்ஷிப் அமைப்புல ஃபிலிம், ஃபைன் ஆர்ட், டிசைனுக்குன்னே தனி ஸ்காலர்ஷிப் இருக்கு, இஞ்சினியருக்கு மட்டும்தான்னு நம்ம ஊர்ல நெனச்சிட்டு இருக்காங்க. ஜெர்மன் மட்டும் இங்கேர்ந்தே ஆரம்பிச்சிடுங்க, க்ளாஸ்ல இங்கிலீஷ்ல சமாளிச்சாலும் கூட படிக்கறவன் டீ குடிக்கறப்போ ஜெர்மன்லதான் பேசுவான், ரெண்டாவது கணக்கு, அதான் கூட்டம், டீ குடிக்கற எடத்துலதான் சேரும்.

டாக்குமெண்டரின்னா டாக்நோமாட்ஸ்னு எராஸ்மஸ் முண்டஸ் (யூரோப்பியன் யூனியனோட திட்டம்) மாஸ்டர்ஸ், ரெண்டு வருஷம், லிஸ்பன், புடாபெஸ்ட், ப்ரஸ்ஸல்ஸ்னு ஊர் மாறி மாறி படிக்கறது. எராஸ்மஸ் முண்டஸ் ஸ்காலர்ஷிப் கெடச்சா மாசம் 1,400 யூரோ, ஃபீஸும் கெடையாது, கடன் சுத்தமா பூஜ்யம். ஆனா கூட்டம் உலகம் பூரா செதறிடும், சென்னைல வந்து எறங்கறப்போ உங்க கேமராமேன் பிரேசில்ல இருப்பான்.

மீடியா ஆர்ட்ல க்ரிட் (க்ரிட்டிக், அதாவது விமர்சனம்) அப்படின்னு ஒரு சடங்கு இருக்கு, அத தாங்குவீங்களான்னு யோசிச்சுட்டு போங்க. இருட்டு ரூம்ல ரெண்டு ப்ரொஜெக்டர் வெச்சு, ஒண்ணுல உங்க பாட்டி வெத்தல மடிக்கறது, இன்னொண்ணுல காலி திண்ணைன்னு லூப் ஓட்டறீங்கன்னு வைங்க. பத்து பேரு சுத்தி உக்காந்து முக்கா மணி நேரம் பேசுவாங்க, நீங்க வாயே தெறக்கக் கூடாது. "இது ஏன் ரெண்டு ஸ்க்ரீன், ஒரே ஸ்க்ரீன்ல ஏன் கூடாது", "ப்ரொஜெக்டர் ஃபேன் சத்தம் வேணும்னே வெச்சதா", "வெத்தலன்னா என்ன". நல்லாருக்கு நல்லால்லன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, அதுதான் நம்ம ஆளுங்களுக்கு கடுப்பாகும். கைதட்டல் இல்லாம வேல செய்ய முடியுமானா போங்க, முடியாதுன்னா கதைப்படமே நல்லது.

கடைசியா படிக்காம நேரா சாலிகிராமம் போற வழி, அசிஸ்டன்ட் டைரக்டர், சுருக்கமா ஏடி. தமிழ்ல படம் பண்ண இன்னிக்கும் நெறைய பேரு வர்ற ரோடு இதான். டிஸ்கஷன்ல உக்காரலாம், க்ளாப் அடிக்கலாம், கன்டினியூட்டி எழுதலாம், டப்பிங் வரைக்கும் கூடவே இருந்து ஒரு படம் பூரா எப்படி நடக்குதுன்னு பாத்துரலாம், ஃபீஸ் இல்ல. சம்பளமும் இல்ல, சில கம்பெனில பேட்டாவோட சரி. நல்ல டைரக்டர் கிட்ட சேந்தா மூணு வருஷ இன்ஸ்டிட்யூட்டுக்கு சமம், மோசமான ஆள் கிட்ட சேந்தா மூணு வருஷமும் ஹீரோ கேரவன் வாசல்ல நின்னுட்டு வரணும், எது கெடைக்கும்னு உங்க கைல இல்ல. பொண்ணுங்களுக்கு இந்த ரோடு இன்னும் கரடுமுரடு, ராத்திரி ஷெட்யூல், அவுட்டோர் தங்கல், டீம்ல ஒரே பொண்ணா இருக்கறதுன்னு, அதனாலயே கேமரா, சவுண்டு பக்கம் வர்ற பொண்ணுங்களுக்கு பூனா கல்கத்தாவ நான் ரொம்ப அழுத்தி சொல்லுவேன், அங்க பேட்ச்லயே நாலஞ்சு பொண்ணுங்க இருப்பாங்க, வெளிய வந்தப்புறமும் ஒருத்தருக்கு ஒருத்தர் வேல சொல்லி விடறாங்க. ஷார்ட் ஃபிலிம் எடுத்து ஏறறதும் உண்டு, கலைஞர் டிவில நாளைய இயக்குனர் வழியா கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி எல்லாம் வந்தாங்க, ஆனா இப்ப யூட்யூப்ல தெனம் கொட்டற ஷார்ட் ஃபிலிம் கூட்டத்துல ஒரு ப்ரொட்யூசர் கண்ணுல படறது அந்த காலத்த விட கஷ்டம்.

என் சாய்ஸ் கேட்டா கேமரா, எடிட்டிங், சவுண்டுக்கு பூனா அல்லது கல்கத்தா, யோசிக்கவே வேண்டாம், ஒரு வருஷம் கெடைக்கலன்னா திரும்ப எழுதுங்க. மீடியா ஆர்ட்டுக்கு ஜெர்மனி, இங்க அதுக்கு கேலரியும் கம்மி, சொல்லித்தர ஆளும் கம்மி. வாத்தியார் வேல மேல கண்ணுன்னா முழு ஃபண்டிங்கோட அமெரிக்கா, இல்லன்னா ஜாமியா. தமிழ் கமர்ஷியல் டைரக்‌ஷன்னா ஏடியா போங்க, கூடவே அந்த வருஷ என்ட்ரன்ஸையும் எழுதி வைங்க, ஏடியா இருந்துட்டு இன்ஸ்டிட்யூட் போனவங்க க்ளாஸ்ல மத்தவங்கள விட ரொம்ப தெளிவா இருக்கறத பாத்திருக்கேன்.

அப்ளிகேஷன் போட ஒரே ஒரு டிப். பூனா எழுத்து தேர்வுக்கு படம் எதுவும் அனுப்ப வேண்டாம், உங்கள பாக்கறது எழுத்துலதான், அத தாண்டினாதான் ஓரியன்டேஷன், இன்டர்வியூ. யூரோப்புக்கு போர்ட்ஃபோலியோதான் எல்லாமே, அமெரிக்காவுக்கு போர்ட்ஃபோலியோவும் வேணும், "நான் ஏன் படம் பண்றேன்"னு ரெண்டு பக்கமும் வேணும், டெட்லைன் பெரும்பாலும் டிசம்பர் ஜனவரில முடிஞ்சிரும். அந்த போர்ட்ஃபோலியோல காலேஜ் கல்ச்சுரல்ஸ் ஆஃப்டர் மூவி, ட்ரோன் ஷாட், ஸ்லோமோஷன் ரீல் எல்லாம் வைக்காதீங்க. உங்க தெருவுல, உங்க மொழில, அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஒண்ணு எடுத்து வைங்க, சப்டைட்டில நல்லா இங்கிலீஷ் தெரிஞ்சவங்க கிட்ட குடுத்து ஒரு தடவ திருத்திட்டு அனுப்புங்க.